தோற்றவர்களின் செப்டம்பர்

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு. டெட்ராய்ட் நகரத்தின் கொமெரிக்கா பார்க் மைதானத்தில் கடைசி அவுட் விழுந்தபோது என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானும்தான். டெட்ராய்ட் டைகர்ஸ் 4-1 என்று ஜெயித்து, பத்து வருடங்களுக்குப் பிறகு பிளே-ஆஃபுக்குள் நுழைந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அதே அவுட்டில் இன்னொன்றும் நடந்தது. எதிரணியான சிகாகோ வைட் சாக்ஸ் அந்தப் பருவத்தின் 121வது தோல்வியைப் பெற்றது. 1901ல் தொடங்கும் நவீன பேஸ்பால் வரலாற்றில் எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்கள் தோற்றதில்லை. 1962ல் புதிதாக ஆரம்பிக்கப்பட்ட நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் அதுவரை மிக மோசம். எங்கள் கொண்டாட்டத்துக்கு நடுவே அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள். 12 அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். மிச்சமிருக்கும் 18ல் பலவற்றுக்கு ஆகஸ்ட் பாதியிலேயே தெரிந்துவிடும், இந்த வருஷம் அவ்வளவுதான் என்று. ஆனாலும் நாற்பது நாற்பத்தைந்து ஆட்டங்கள் பாக்கி இருக்கும். ஆடித்தான் தீர வேண்டும்.

அன்றிரவு காரில் திரும்பும்போது கூட வந்த நண்பர் சொன்னார்: “இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு சார், இதே சிகாகோவோட. அவங்களுக்கு இனிமே என்ன இருக்கு? பேசாம தோத்துட்டுப் போனா நமக்காவது நல்ல இடம் கிடைக்கும்.”

எனக்கும் மனதுக்குள் அதே எண்ணம்தான். ஆனால் சனிக்கிழமை சிகாகோ ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஜெயித்தது. 41 வெற்றி, 121 தோல்வி என்று அவர்கள் கணக்கை முடித்தார்கள். டெட்ராய்ட் 86-76ல் நின்றது. கன்சாஸ் சிட்டியும் அதே 86-76. சமநிலையை உடைக்கும் விதி அவர்களுக்குச் சாதகம். ஆகவே டெட்ராய்ட் ஆறாவது இடத்துக்கு இறங்கி ஹூஸ்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ரெண்டு ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்திருந்தால் ஐந்தாவது இடம்.

“இவனுங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?” என்று ஞாயிறு மதியம் நண்பர் மெசேஜ் அனுப்பினார். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாதவன் ஏன் முழு மனதோடு ஆட வேண்டும்? ஆடாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

*

செப்டம்பர் மாதத்து பேஸ்பாலை நான் பாதி மைதானத்திலும் பாதி எண்களிலும் பார்க்கிறவன். காலையில் காபியோடு புள்ளிப்பட்டியல், பிறகு பிளே-ஆஃப் வாய்ப்புச் சதவீதங்கள். இந்தச் சதவீதங்கள் எப்படி வருகின்றன என்பது எளிமையான விஷயம். ஒவ்வொரு அணியின் வலுவையும் ஓர் எண்ணாக மதிப்பிடுகிறார்கள். எடுத்த ரன், கொடுத்த ரன், இப்போது யார் யார் ஆடுகிறார்கள் என்பதிலிருந்து அந்த எண் வரும். பிறகு மீதமுள்ள ஆட்டங்களைக் கணினியில் பல்லாயிரம் தடவை ஆடிப் பார்க்கிறார்கள். பத்தாயிரம் முறை ஆடியதில் இருபது முறை ஓர் அணி உள்ளே போனால் அதன் வாய்ப்பு 0.2 சதவீதம்.

இந்த 0.2 சும்மா சொன்ன எண் இல்லை. 2024 ஆகஸ்ட் 10 வாக்கில் டெட்ராய்டின் வாய்ப்பு அவ்வளவுதான். 55 வெற்றி, 63 தோல்வி. அணி நிர்வாகமே நம்பிக்கை இழந்து, ஜூலைக் கடைசியில் முக்கியமான பிட்சர் ஜாக் ஃபிளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு 44 ஆட்டங்களில் 31ஐ ஜெயித்தார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. மீதமுள்ள ஒவ்வோர் ஆட்டமும் நிஜமான ஆட்டமாக இருக்கும் என்பதே அந்த நம்பிக்கை. 25 சதவீத ஆட்டங்களை மட்டும் ஜெயிக்கும் ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். வைட் சாக்ஸ் கிட்டத்தட்ட அதுதான். அதனோடு மூன்று ஆட்டம் ஆடினால் மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 0.75ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, 42 சதவீதம். அதாவது வரலாற்றின் மிக மோசமான அணிகூட மூன்றில் ஒன்றையாவது பிடுங்கிக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். ஆனால் அந்த அணி ஆடுவதை நிறுத்திவிட்டால் இந்த 25 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. அவர்களோடு மோதும் அணியின் எண்ணும் பொய். அந்த அணியோடு போட்டி போடும் மூன்றாவது அணியின் எண்ணும் பொய். எங்கோ ஒருவன் கையைத் தொங்கப் போட்டால் பட்டியல் முழுக்க ஆட்டம் காணும்.

*

2003ல் டெட்ராய்ட்தான் அந்த மோசமான அணி. 156 ஆட்டங்கள் முடிந்தபோது 38 வெற்றி, 118 தோல்வி. மீதி ஆறு. இன்னும் ரெண்டு தோற்றால் மெட்ஸின் 120ஐத் தொட்டுவிடும், மூன்று தோற்றால் தாண்டிவிடும். ஊரே அதை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அந்த ஆறில் ஐந்தை ஜெயித்தார்கள். கடைசிக்கு முந்தைய நாள் மினசோட்டாவிடம் 0-8 என்று பின்தங்கியிருந்து 9-8 என்று ஜெயித்தார்கள். 43-119. உலகத்தின் மோசமான அணியாவதிலிருந்து ஓர் ஆட்டத்தில் தப்பித்தார்கள். அந்த வருடம் மைக் மெரோத் என்ற பிட்சர் 9 ஜெயித்து 21 தோற்றார். ஒரு பருவத்தில் 20 தோல்வி என்பது 1980க்குப் பிறகு யாருக்கும் நேராத அவமானம். பிட்சரைக் கொஞ்ச நாள் உட்கார வைத்து அந்த எண்ணிலிருந்து காப்பாற்றுவது அணிகளுக்கு வழக்கமான காரியம். மெரோத் உட்காரவில்லை. தன் முறை வந்தபோதெல்லாம் பந்தை வாங்கிக்கொண்டு போய் நின்றார்.

அப்போது நான் மிச்சிகனுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பேஸ்பாலின் பாதி விதிகள் புரியாது. ஆனாலும் அந்த வாரம் மினசோட்டாக்காரர்களைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சந்தோஷப்பட்டேன். தோற்றாலும் மானத்தோடு தோற்கிறார்கள் பார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்றே வருடத்தில் காட்சி மாறியது. 2006ல் டெட்ராய்ட் பிரமாதமாக ஆடியது. பருவத்தின் கடைசி மூன்று ஆட்டம் சொந்த மைதானத்தில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸோடு. பருவ முடிவில் ராயல்ஸின் கணக்கு 62-100. பிளே-ஆஃபில் டெட்ராய்டுக்கு இடம் உறுதி. மூன்றில் ஒன்றை ஜெயித்திருந்தால் பிரிவுப் பட்டமும் கிடைத்திருக்கும். ராயல்ஸின் சராசரியை வைத்து, மூன்றையும் அவர்கள் ஜெயிக்கும் வாய்ப்பைப் போட்டுப் பார்த்தேன். சுமார் ஐந்து சதவீதம். நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றையும் ராயல்ஸ் ஜெயித்தது. கடைசி நாள் டெட்ராய்ட் 6-0 என்று முன்னால் இருந்து, 12 இன்னிங்ஸில் 10-8 என்று தோற்றது. தங்கள் ஆட்டத்தை முன்னாலேயே முடித்துவிட்டிருந்த மினசோட்டாக்காரர்கள் மைதானத்தை விட்டுப் போகாமல் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்து, பட்டம் தங்களுடையது என்று தெரிந்ததும் குதித்தார்கள். 2003ல் நாம் பறித்ததை அவர்கள் வட்டியோடு வாங்கிக்கொண்டது போல.

அன்று நான் ராயல்ஸைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. நூறு தோற்றவனுக்கு என்ன ரோஷம், யாரோடு கோபம் என்றெல்லாம். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் எதை மானம் என்று சொன்னேனோ அதையே இப்போது வேண்டாத வேலை என்கிறேன். செயல் ஒன்றுதான். சட்டையின் நிறம் மட்டும் வேறு.

*

எதிரி நமக்காகத் தோற்றுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பேஸ்பாலில் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. அதிலும் டெட்ராய்டுக்குப் பங்கு உண்டு.

1910ல் டெட்ராய்டைச் சேர்ந்த சால்மர்ஸ் கார் கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. அந்தப் பருவத்தில் மிக அதிக பேட்டிங் சராசரி எடுப்பவருக்கு ஒரு கார் பரிசு. கடைசி வாரத்தில் போட்டி டெட்ராய்டின் டை காப்புக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜுவேக்கும் இடையில். காப் மகா திறமைசாலி, ஆனால் பலருக்கு அவரைப் பிடிக்காது. முன்னிலையில் இருந்த அவர், சராசரி குறைந்துவிடக் கூடாதென்று கடைசி ஆட்டங்களில் ஆடாமல் உட்கார்ந்துகொண்டார். லாஜுவே எல்லோருக்கும் பிரியமானவர்.

அக்டோபர் 9, கடைசி நாள். கிளீவ்லாந்து செயிண்ட் லூயியில் பிரவுன்ஸ் அணியோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடியது. பிரவுன்ஸ் அந்த வருடம் 47-107, எட்டு அணிகளில் எட்டாவது. இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதன் மேலாளர் ஜாக் ஓ'கானர், மூன்றாவது பேஸில் நின்ற ரெட் காரிடன் என்ற புதுப் பையனை ரொம்பப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். லாஜுவே பந்தை வீசி அடிக்காமல் மெல்லத் தட்டி அவன் பக்கம் உருட்டிவிட்டு ஓடினார். காரிடன் ஓடி வந்து எடுப்பதற்குள் லாஜுவே முதல் பேஸைத் தொட்டிருப்பார். இப்படி ஏழு. அதற்கு முன்னால் அடித்த ஒரு நல்ல அடியையும் சேர்த்து அன்று எட்டு ஹிட்.

விஷயம் நாறிப்போனது. ஓ'கானர் வேலையை இழந்தார். லீகின் தலைவர் பான் ஜான்சன் கணக்குகளைப் பார்த்து காப்தான் முதல் என்று அறிவித்தார். சால்மர்ஸ் இருவருக்கும் கார் கொடுத்துப் பிரச்சினையை முடித்தது. 1981ல், காப்பின் ஓர் ஆட்டம் தவறாக இரண்டு முறை சேர்க்கப்பட்டிருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அப்படியானால் உண்மையில் லாஜுவே முதலா? அன்றைய கமிஷனர் பட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார். இன்று வரை யாராலும் முடிவாகச் சொல்ல முடியாத சண்டை அது.

எனக்கு இதில் பரிதாபமாகத் தெரிவது லாஜுவேதான். நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர். அந்த ஏழு ஹிட்டை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர்கள், அவர் அந்த வருடம் சம்பாதித்திருந்த மற்ற ஹிட்களின் மேலும் சந்தேகத்தைப் பூசிவிட்டார்கள். தோற்றுக் கொடுத்தவன் காப்பிடமிருந்து எதையோ திருடினான் என்பது சரி. வாங்கிக்கொண்டவனிடமிருந்தும் திருடினான். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை.

அந்தக் காலத்துத் தட்டான்கள் கையில் ஒரு கறுப்புக் கல் இருக்கும், உரைகல். அந்தக் கல்லுக்கு விலை கிடையாது. ஆனால் அது இளகிக் கொடுத்தால் ஊரில் ஒரு நகையின் தரமும் தெரியாது. கடைசி இடத்தில் இருக்கும் அணி செப்டம்பரில் அந்தக் கல்.

*

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978ல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டு என்றால் என்ன என்பதே அதன் விஷயம். தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்று அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் விளையாட்டைக் கெடுப்பவர்களைப் பிரிக்கிறார். ஏமாற்றுக்காரன் இலக்கை ஏற்கிறான், விதியை மதிப்பதில்லை. இன்னொருவன் விதியை எல்லாம் மதிக்கிறான், இலக்கை ஏற்பதில்லை. காரிடன் ஒரு விதியையும் மீறவில்லை. எங்கே நிற்பது என்பது அவன் இஷ்டம். ஆனாலும் அன்று அவன் விளையாடவில்லை.

இந்த இரண்டாவது ஆளுக்கு நம் தெருவில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி. அண்ணன்மார் ஆடும் ஆட்டத்தில் அழுது அடம்பிடிக்கும் தம்பியைச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடுவான், தொடுவான், ஆனால் கணக்கில் வரமாட்டான். அதில் ஒரு நேர்மை இருந்தது. இவன் கணக்கில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கில் இருந்துகொண்டே ஒப்புக்கு ஆடுவதுதான் மோசடி.

“இதுக்கு இவ்வளவு சுத்தணுமா? கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதேன்னு கீதையில இருக்கே” என்றார் நண்பர். எனக்கு அது முழுக்கப் பொருந்துவதாகப் படவில்லை. அங்கே பேச்சு, செய்கிறவன் தன் பலனின் மேல் வைக்கும் பற்றைப் பற்றியது. இங்கே பலன் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆடுபவனுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்கோ போகிறது. 2006ல் ராயல்ஸ் ஆடிய ஆட்டத்தின் பலன் மினசோட்டாவுக்குப் போனது. கேள்வி பற்று பற்றியது மட்டுமாக இருந்தால் தோற்றவன் தன் மனதோடு தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதால்தான் அது கடனாகிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை லேசில் தள்ள முடியாது. தோற்பதற்கே பரிசு வைத்திருக்கும் ஏற்பாட்டில் இதெல்லாம் வெறும் உபதேசம் இல்லையா? மோசமாக முடிக்கும் அணிக்கு அடுத்த டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில், முன்னிடம் கிடைக்கும். 119 தோற்ற டெட்ராய்டுக்கு 2004ல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. எடுத்தது ஜஸ்டின் வெர்லாண்டரை. ஹூஸ்டன் 2011லிருந்து மூன்று வருடம் முறையே 106, 107, 111 தோற்று, இளம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து 2017ல் சாம்பியன் ஆனது. இதைப் பார்த்துப் பலர் அதே வழியில் போக, 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் கொண்டுவந்தார்கள். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு சமம், தலா 16.5 சதவீதம்.

ஆனால் ஹூஸ்டனில்கூட தோல்வியைத் திட்டமிட்டது அலுவலகம். நல்ல ஆட்டக்காரர்களை விற்று, மலிவான அணியைக் களத்துக்கு அனுப்பியது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. அனுப்பப்பட்ட பையன்கள் கையைத் தொங்கப் போடவில்லை என்பதுதான் வித்தியாசம். அவர்களுக்கும் சுயநலம் உண்டு, அடுத்த வருடம் வேலை வேண்டும், எண்கள் நன்றாக இருக்க வேண்டும். இருக்கட்டும். பால்காரர் கலப்படம் செய்யாததற்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் காரணமாக இருந்தாலும் குழந்தை குடிப்பது நல்ல பால்தான்.

*

இதையெல்லாம் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

2009. மிச்சிகனில் கார் தொழில் சரிந்துகொண்டிருந்த வருடம். நான் வேலை பார்த்த உதிரிபாகச் சோதனைக்கூடத்தை மூடப் போவதாக அறிவித்து, ஆறு வாரம் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். கையிலிருந்த சோதனைகளை மட்டும் முடித்துக் கொடுக்க வேண்டும். அதிர்வுச் சோதனைக்குப் பிறகு பன்னிரண்டு போல்ட்டுகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று அளந்து எழுதும் வேலை. நான்கை அளந்தேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. மிச்சம் எட்டுக்கும் அதை ஒட்டிய எண்களை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பதற்றமும் இல்லை. கடையையே மூடப் போகிறார்கள்.

என்னோடு இருந்த டெக்னீஷியனுக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கும் அதே நோட்டீஸ்தான். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டார்க் ரெஞ்சை எடுத்து எட்டையும் அளக்க ஆரம்பித்தார். இனிமேல் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். “இந்த போல்ட் யாரோ ஒருத்தர் காரில் போகப் போகிறது” என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

எட்டும் வரம்புக்குள்தான் இருந்தன. நான் எழுதியதற்கும் அவர் அளந்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் ஒரு விபத்தும் நடந்திருக்காது. ஆனால் என் எண்கள் எண்களே இல்லை. அந்தத் தாளை நம்பப் போகிறவர் எனக்கு நோட்டீஸ் கொடுத்தவர் இல்லை. அவருக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

*

2024 செப்டம்பரில் வைட் சாக்ஸுக்குத் தோற்பதால்கூட லாபம் இல்லை. பெரிய சந்தை அணிகளுக்கான விதிப்படி, எவ்வளவு தோற்றாலும் அடுத்த டிராஃப்டில் பத்தாவது இடத்துக்கு மேல் அவர்களால் போக முடியாது. ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. 120 தோல்வியோடு சொந்த ஊரில் ஏஞ்சல்ஸை எதிர்கொண்டபோது, சாதனைத் தோல்வியைப் பார்க்கவென்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இருந்தார்கள். அணியை விற்றுவிடு என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். அந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுத்தான் டெட்ராய்ட் வந்தார்கள்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை 4-1க்கு ஒரு மதிப்பு. ஆறு நாளில் ஐந்தை ஜெயித்த ஓர் அணியிடம், அந்த ஒரே ஒரு நாளில் நாங்கள் ஜெயித்தோம். அவர்கள் சும்மா விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பெரியவர் என் தோளை உலுக்கியதற்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

டெட்ராய்ட் ஹூஸ்டனுக்குப் போய் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது. அடுத்த சுற்றில் கிளீவ்லாந்திடம் ஐந்தாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அது வேறு கதை.

நண்பரின் மெசேஜுக்கு அன்று மாலைதான் பதில் போட்டேன். “2003ல நம்ம ஆளுங்களும் இதைத்தான் சார் செஞ்சாங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து வந்தது: “அதுவும் சரிதான். ஆனா கடுப்பா இருக்கு.”

எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது.